ஃபோர் வீல் டிரைவ் மாட்யூல் போச்சுன்னு எஸ்டிமேட் வந்திருக்கா? 59,000 ரூபாய் கட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



இந்த வாரம் எஸ்.ஐ.பி.யும் இல்லை, டேக்ஸ் சேவிங்கும் இல்லை. ஒரு பிக்கப் வண்டிக்குள்ள, டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டியைப் பத்திப் பேசப் போறோம். "நான் பிக்கப் வெச்சிருக்கலையே ப்ரோ"ன்னு மூடிட்டுப் போயிடாதீங்க. ஸ்விஃப்ட் வெச்சிருந்தாலும், வீட்டுல இன்வெர்ட்டர் ஏ.சி. இருந்தாலும், "போர்டு போச்சு சார், மாத்தணும்"ங்கற வசனத்தை என்னைக்காவது ஒருநாள் கேட்பீங்க. அப்போ என்ன கேள்வி கேக்கணும், எந்த வரிசையில செலவு பண்ணணும், எந்தப் பாக்கெட்ல இருந்து பணம் எடுக்கணும்னு ஒரே உதாரணத்துல பார்த்துடலாம்.

செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கற பசங்க இப்போ நிறைய. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-ல இந்தியாவுக்கு வந்துச்சு. சென்னைக்கு வடக்கே ஆந்திரா எல்லைக்குள்ள இருக்கிற ஸ்ரீசிட்டியில தயாராகுது. 2022-ல டொயோட்டா ஹைலக்ஸ் வந்துச்சு. முதல் ஓனர் அஞ்சாறு வருஷம் ஓட்டி வித்த வண்டியை நம்ம ஆள் வாங்கறார். வாரண்டி முடிஞ்சிருக்கும். கொடைக்கானல் ட்ரிப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஃபோர் வீல் நாப்பைத் திருப்பினா லைட் மினுக் மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, கியர் விழ மாட்டேங்குது. சர்வீஸ் சென்டருக்குப் போறார். எஸ்டிமேட் வருது.

கணக்குப் புரியறதுக்காக நானே சில எண்கள் வெச்சுக்கறேன். உங்க வண்டிக்கு இது மாறும். மாட்யூல் 45,000. மாத்தற கூலி, ப்ரோக்ராமிங் சேர்த்து 5,000. ஆக 50,000. அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 9,000. மொத்தம் 59,000 ரூபாய். நம்ம ஆளுக்குக் கையில வர்ற சம்பளம் 42,000. அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மாசச் சம்பளம் ஒரு கையடக்கப் பெட்டிக்கு.

(நடுவுல ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-லிருந்து வண்டி பார்ட்ஸ் எல்லாத்துக்கும் ஒரே 18% தான். பழைய 28% போட்ட எஸ்டிமேட்டை யாராவது நீட்டினா, கேள்வி கேளுங்க.)

இந்த இடத்துல முக்கால்வாசி பேர் கேக்கற முதல் கேள்வி, "வெளியில கம்மியா கிடைக்குமா?" அது மூணாவது கேள்வி. முதல் கேள்வி: "மாட்யூல்தான் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அந்தப் பெட்டி என்னதான் செய்யுது?

நம்ம ஊர்ல ஓடற பிக்கப்கள்ல பெரும்பாலும் இருக்கிறது பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ். சாதாரணமா டூ ஹெச்-ல ஓடும், பின் சக்கரம் மட்டும் தள்ளும். ஃபோர் ஹெச் போட்டா முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒண்ணாப் பூட்டிக்கும். ஃபோர் எல் போட்டா அதோட சேர்த்து ஒரு சின்ன கியரும் விழும். வேகம் குறைஞ்சு இழுவை ஏறும்.

பழைய ஜீப்ல இதுக்கு ஒரு இரும்பு லீவர் இருக்கும். கையாலதான் தள்ளணும். இப்போ லீவருக்குப் பதிலா ஒரு நாப். நீங்க நாப்பைத் திருப்பறப்போ எந்த கியரும் நேரடியா நகரறதில்லை. நாப் ஒரு சிக்னல் மட்டும் அனுப்புது. அதை மாட்யூல் வாங்கிக்குது. வண்டி என்ன வேகத்துல போகுது, நியூட்ரல்ல இருக்கா, கிளட்ச் மிதிச்சிருக்கான்னு பார்க்குது. எல்லாம் சரின்னா, அடியில டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல உக்காந்திருக்கிற ஒரு மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்குது. மோட்டார் சுத்தி ஃபோர்க்கை நகர்த்துது. முன் ஆக்ஸில்லயும் இதே மாதிரி ஒரு ஆக்சுவேட்டர். கடைசியா "வந்து சேர்ந்துட்டேன்"னு ஒரு பொசிஷன் சென்சார் மாட்யூலுக்குப் பதில் சொல்லுது. அந்தப் பதில் வந்தாத்தான் டாஷ்ல லைட் மினுக்கறதை நிறுத்தி நிலையா எரியும்.

இந்தச் சங்கிலியில எத்தனை கண்ணின்னு எண்ணிப் பாருங்க: பேட்டரி, ஃப்யூஸ், நாப், வயரிங், கனெக்டர், எர்த், மாட்யூல், மோட்டார், சென்சார். இதுல எது அறுந்தாலும் டிரைவருக்குத் தெரியறது ஒரே அறிகுறி. லைட் மினுக்கும், கியர் விழாது. எல்லாருக்கும் பதிலா வாயைத் திறந்து பேசறது மாட்யூல்தான். அதனால பழியும் அதுமேலதான் விழும்.

அமெரிக்காவுல இதுக்குப் பேர் போன கதை ஒண்ணு உண்டு. 2000-களோட நடுவுல வந்த ஷெவ்ரோலே சில்வராடோ பிக்கப்கள்ல "சர்வீஸ் ஃபோர் டபிள்யூ டி"ன்னு டாஷ்ல ஒரு வரி வரும். அதைப் பார்த்த உடனே மாட்யூலை மாத்தினவங்க உண்டு. மாட்யூலும் போகும்தான். ஆனா டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல இருக்கிற என்கோடர் மோட்டாரும் போகும், டாஷ்ல இருக்கிற பட்டன் சுவிட்சும் போகும். மூணுக்கும் வர்ற எச்சரிக்கை ஒண்ணேதான். புது மாட்யூல் வாங்கி, அதுக்கு ப்ரோக்ராமிங்கும் பண்ணி, திரும்ப அதே வரியைப் பார்க்கறது எவ்வளவு வயித்தெரிச்சல்னு யோசிங்க.

யார் மேல முதல்ல சந்தேகப்படணும்?

மாட்யூல் கேபினுக்குள்ள, நிழல்ல, காய்ஞ்ச இடத்துல உக்காந்திருக்கு. மோட்டாரும் சென்சாரும் வண்டிக்கு அடியில சேறு, தண்ணி, சைலன்சர் சூடு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுத் தொங்குது. ரெண்டுல எது முதல்ல போகும்? அதுவும் நம்ம ஆளுங்க ஃபோர் வீல் போடறதே வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஒரே இடத்துல நிக்கிற மோட்டார் இறுகிப் போகும். கனெக்டருக்குள்ள பச்சை பூக்கும். பேட்டரி வீக்கா இருந்தாலே எலக்ட்ரானிக்ஸ் விநோதமா நடந்துக்கும்.

அப்போ மாட்யூல் சாகாதா? சாகும். காரணத்தோடதான் சாகும். விண்ட்ஷீல்டு ஓரமா ஒழுகற தண்ணி போர்டுல இறங்கியிருக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் பண்றப்போ பிளஸ்-மைனஸ் மாத்திக் கொடுத்திருக்கலாம். டோ ஹூக்கோ கேரியரோ வெல்டிங் அடிக்கறப்போ பேட்டரி டெர்மினலைக் கழட்டாம விட்டிருக்கலாம். நம்ம ஊர் பட்டறைகள்ல இந்தக் கடைசி விஷயம் சர்வசாதாரணம்.

இன்னொரு காரணம்தான் பர்ஸுக்கு ரொம்ப ஆபத்தானது. அடியில மோட்டார் ஷார்ட் ஆகி, அளவுக்கு மேல கரண்ட் இழுத்து, மாட்யூலுக்குள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட்டை எரிச்சிருக்கும். இப்போ மாட்யூல் நிஜமாவே செத்துடுச்சு. டெஸ்ட்லயும் செத்துடுச்சுன்னுதான் வரும். புதுசு போடறீங்க. ஷார்ட்டான மோட்டார் அதையும் எரிக்கும். அதனால "மாட்யூல் போச்சு"ங்கறது பாதி பதில்தான். "எதனால போச்சு?"ங்கறதுக்கும் பதில் வாங்காம 45,000 ரூபாய் பார்ட்டை ஆர்டர் போடக் கூடாது.

டயக்னாஸ்டிக் ஃபீஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம்

நம்ம மக்களுக்கு பார்ட்டுக்குக் காசு கொடுக்கறதுல வருத்தம் இல்லை. "என்ன பிரச்சனைன்னு பார்த்துச் சொல்றதுக்கு 2,000 ரூபாயா?"ன்னு கேட்டாத்தான் கோவம் வரும். இங்க ஒரு சின்ன கணக்குப் போடலாம்.

டெஸ்ட் பண்ண 2,000 செலவு. டெஸ்ட் பண்ணாம தப்பான பார்ட் வாங்கினா 59,000 நஷ்டம். எலக்ட்ரானிக் பார்ட்டை ஒரு தடவை வண்டியில மாட்டிட்டா, கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்க மாட்டார். 59,000-ஐ 2,000-ஆல வகுத்தா 29.5. அதாவது இந்த மாதிரி 29 எஸ்டிமேட்ல ஒண்ணே ஒண்ணு தப்பா இருந்தாக்கூட, 29 பேரும் 2,000 கொடுத்து டெஸ்ட் பண்ணிக்கறது லாபம். சதவீதத்துல சொன்னா, தப்பா இருக்க வாய்ப்பு 3.4%-க்கு மேலன்னா டெஸ்ட் பண்ணணும். மேல எண்ணின கண்ணிகளைப் பார்த்துட்டு, நீங்களே சொல்லுங்க, வாய்ப்பு 3.4% தானா?

டெஸ்ட்னா என்ன எதிர்பார்க்கணும்? ஸ்கேனர் மாட்டி ஒரு கோடு படிச்சுச் சொல்றது மட்டும் டெஸ்ட் கிடையாது. ஆன்லைன்ல கிடைக்கிற மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். ஃபோர் வீல் மாட்யூலோட பேசற ஸ்கேனர் வேணும். கோடோட முதல் எழுத்தைக் கேட்டு வாங்குங்க. "பி"ன்னா இன்ஜின், கியர் பக்கம். "சி"ன்னா சேஸிஸ். "யு"ன்னா மாட்யூல்களுக்குள்ள பேச்சுவார்த்தை அறுந்துபோச்சுன்னு அர்த்தம். "மாட்யூல் பேச மாட்டேங்குது"ன்னு யு கோடு வந்தா உடனே மாட்யூல் அவுட்டுன்னு முடிவு கட்டறாங்க. அதுக்குச் சாப்பாடு போகலைன்னாலும் பேசாது. ஃப்யூஸ் போயிருக்கலாம், எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கலாம்.

ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் போற வரிசை இப்படித்தான் இருக்கும். முதல்ல பேட்டரி. வண்டி நிக்கறப்போ 12.6 வோல்ட் பக்கம், இன்ஜின் ஓடறப்போ பொதுவா 14 வோல்ட்டை ஒட்டி இருக்கணும். அப்புறம் ஃப்யூஸ், ரிலே. அப்புறம் மாட்யூல் கனெக்டர்ல பவரும் எர்த்தும் வருதான்னு, சும்மா மீட்டர் வெச்சு மட்டும் இல்லாம, ஒரு பல்பு மாட்டி லோடு கொடுத்துப் பார்ப்பார். ஒரு இழை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிற வயர் மீட்டர்ல 12 வோல்ட் காட்டி ஏமாத்தும். பல்பு மாட்டினா மங்கிடும். அப்புறம் நாப்பைத் திருப்பறப்போ சிக்னல் உள்ள வருதா, மோட்டாருக்குக் கரண்ட் வெளிய போகுதா. உள்ள எல்லாம் வந்து வெளிய எதுவும் போகலைன்னா குற்றவாளி மாட்யூல். வெளியவும் போகுது, மோட்டார் அசையலைன்னா குற்றவாளி மோட்டார். மோட்டார் அசையுது, லைட் மட்டும் நிலைக்கலைன்னா சென்சார் பக்கம் பாருங்க.

இதை நீங்களே செய்யணும்னு நான் சொல்லலை. "மாட்யூலுக்குப் பவர், எர்த் செக் பண்ணீங்களா? மோட்டாருக்கு அவுட்புட் போகுதான்னு பார்த்தீங்களா?" இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க, போதும். செக் பண்ணவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். பண்ணாதவர் "கம்பெனி ஸ்கேனர் சொல்லுது சார்"ம்பார்.

அவசரமா, இல்லையா?

நிம்மதியான விஷயம் ஒண்ணு. வண்டி டூ ஹெச்-ல நின்னுட்டு மாட்யூல் செத்திருந்தா, நீங்க வழக்கம்போல ஆபீஸ் போகலாம், ஊருக்குப் போகலாம். ஃபோர் வீல் மட்டும் இருக்காது. ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்க. மூணு மாசம் காசு சேர்த்துப் பொறுமையா மாத்துங்க. சர்வீஸ் அட்வைசர் "உடனே பண்ணலைன்னா ரிஸ்க் சார்"னு சொன்னா, என்ன ரிஸ்க்னு விவரமாக் கேளுங்க.

தள்ளிப் போடவே கூடாத சந்தர்ப்பமும் இருக்கு. ஃபோர் ஹெச்-லயே மாட்டிக்கிட்டா, காய்ஞ்ச தார் ரோட்டுல ஓட்டக் கூடாது. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் சுத்தணும். பூட்டிக் கிடக்கறதால ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கும், டயர் தேயும். 59,000 செலவு அதைவிடப் பெருசாயிடும். அடுத்து, ஃபோர் ஹெச்-சுக்கும் ஃபோர் எல்-லுக்கும் நடுவுல டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல நின்னுட்டா, கியர்ல போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஆட்டோமேட்டிக்ல பார்க்கிங் போட்டாலும் அதே கதிதான். மலைப்பாதையில இது உயிர் விஷயம். ஹேண்ட் பிரேக்கை இழுங்க, சக்கரத்துக்குக் கல்லு வைங்க, டோ வண்டியைக் கூப்பிடுங்க. ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் லைட்டும் சேர்ந்து எரிஞ்சாலும் உடனே காட்டிடணும்.

எங்க வாங்கறது?

இப்போ டெஸ்ட் முடிஞ்சுது, மாட்யூல்தான், காரணமும் தெரிஞ்சு சரி பண்ணியாச்சுன்னு வெச்சுக்கலாம். மூணு வழி இருக்கு.

கம்பெனியில புதுசு. விலை அதிகம், பில்லும் வாரண்டியும் உண்டு. ப்ரோக்ராமிங் எஸ்டிமேட்டுக்குள்ள சேர்ந்திருக்கான்னு மட்டும் எழுத்துல வாங்குங்க. நிறைய வண்டிகள்ல புது மாட்யூலை அந்த வண்டிக்குத் தகுந்த மாதிரி கோடிங் பண்ணாத்தான் வேலை செய்யும்.

பழசு. சென்னைன்னா புதுப்பேட்டை ஞாபகம் வரும். கொஞ்சமா விக்கிற பிக்கப்புக்குப் பழைய மாட்யூல் கிடைக்கறதே கஷ்டம். கிடைச்சாலும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகணும். மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் மாறலாம், வருஷத்துக்கு வருஷம் சாஃப்ட்வேர் மாறலாம். பில் இல்லாம, "மாட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க"ங்கற பேச்சும் இல்லாம, 20,000 கொடுத்து வாங்கறது முதலீடு இல்லை, லாட்டரி.

மூணாவது, போர்டு ரிப்பேர். எனக்குப் பிடிச்ச வழி இதுதான். இ.சி.எம். ரிப்பேர் பண்ற கடைகள் சென்னை, கோவை மாதிரி ஊர்கள்ல இருக்கு. ஒரு ரிலே ஒட்டிக்கிட்டிருக்கலாம், சால்டரிங் விரிசல் விட்டிருக்கலாம், மோட்டாரை ஓட்டற டிரான்சிஸ்டர் எரிஞ்சிருக்கலாம். கணக்குக்கு 8,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. உங்க ஒரிஜினல் மாட்யூலே திரும்ப வர்றதால புதுசா கோடிங் பண்ற வேலையும் பெரும்பாலும் இருக்காது. மூணு மாச வாரண்டியை எழுதி வாங்குங்க. தண்ணி இறங்கி போர்டு பூரா அரிச்சிருந்தா மட்டும் இதை நம்ப வேண்டாம். இன்னைக்கு ஓடும், அடுத்த மழையில நிக்கும்.

மாத்தற வேலை இருக்கே, அது பெரிய வித்தை இல்லை. பேட்டரி மைனஸைக் கழட்டி, பேனலைத் திறந்து, கனெக்டரை எடுத்து, பெட்டியை மாத்தி, கோடிங் பண்ணி, மண் தரையில டூ ஹெச், ஃபோர் ஹெச், ஃபோர் எல்னு எல்லாம் விழுதான்னு பார்க்கறது. மண் தரையில உங்க முன்னாடி போட்டுக் காட்டச் சொல்லுங்க. பழைய பார்ட்டையும் கையில வாங்கிக்கோங்க. அது உங்க காசு.

கம்பெனி பார்ட்டும் டயக்னாஸ்டிக் டூலும் வெளிக் கடைக்குச் சுலபமாக் கிடைக்காததுக்கு ஒரு பின்னணி இருக்கு. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம், அதாவது சி.சி.ஐ., 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. ஸ்பேர் பார்ட்ஸையும் டூல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம, தங்களோட டீலர்களுக்குள்ளயே வெச்சுக்கறாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. கேஸ் அதுக்கப்புறம் அப்பீலுக்குப் போச்சு. ஆனா எஸ்டிமேட் விலை ஏன் இப்படி இருக்குன்னு யோசிக்கறப்போ இது ஞாபகத்துல இருக்கட்டும்.

தப்பா டயக்னோஸ் பண்ணி, பார்ட் மாத்தி, பிரச்சனை தீரலைன்னா சண்டை போடாதீங்க. எஸ்டிமேட், ஜாப் கார்டு, பில், பழைய பார்ட் நாலையும் வெச்சுக்கிட்டு 1915-க்குக் கூப்பிடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

தானாப் பழுதானா கொடுக்காது. சாதாரண மோட்டார் பாலிசியில மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் விலக்கு. "காம்ப்ரிஹென்சிவ்"ங்கற பேரைப் பார்த்து எல்லாம் வரும்னு நினைக்கிற நண்பர்கள் நிறைய. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தா அதைப் பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினப்போ உங்க பேருக்கு மாத்தினீங்களான்னும் பாருங்க.

வெள்ளத்துல மூழ்கிப் போயிருந்தா வேற கதை. வெள்ளம் ஓன் டேமேஜ்ல வர்ற விஷயம். ஆனா அப்பவும் கணக்குப் போட்டுட்டுதான் க்ளெய்ம் பண்ணணும். ஆறு வருஷ வண்டின்னு வைங்க. 5 வருஷம் தாண்டி 10 வருஷம் வரைக்கும் மெட்டல், எலக்ட்ரானிக் மாதிரி பார்ட்டுக்கு 40% தேய்மானம் கழிப்பாங்க. பார்ட் ஜி.எஸ்.டி.யோட 53,100; அதுல 40% 21,240 போச்சு, மீதி 31,860. கூலி 5,900 சேர்த்தா 37,760. 1,500 சி.சி.க்கு மேல உள்ள கார்னா கட்டாய டிடக்டபிள் 2,000. கைக்கு வர்றது 35,760.

இப்போ நோ க்ளெய்ம் போனஸ். உங்களுக்கு 50% இருந்துச்சு, ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி 16,000-ன்னு வெச்சுக்கலாம். ஒரு க்ளெய்ம் போட்டா போனஸ் பூஜ்யம். அடுத்த வருஷம் 8,000 கூடுதல். திரும்ப 20, 25, 35, 45%னு படிப்படியா ஏறி 50-ஐத் தொடற வரைக்கும் 4,800, 4,000, 2,400, 800. கூட்டினா 20,000 ரூபாய். ஆக 35,760 க்ளெய்மோட நிஜ லாபம் 15,760 தான். வண்டியில மத்த வெள்ளச் சேதமும் இருந்தா தாராளமா க்ளெய்ம் பண்ணுங்க. மாட்யூல் மட்டும்தான், போர்டு ரிப்பேர்ல 8,000-த்துல முடியும்னா க்ளெய்மைத் தொடாதீங்க. ஜீரோ டெப், போனஸ் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா விடை மாறும். வராத வெள்ளத்தை வந்ததா எழுதிக் கொடுக்கற யோசனை யாராவது சொன்னா, அவங்களை விட்டுத் தள்ளியே இருங்க.

பணம் எங்கிருந்து?

கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் டியூ கட்டறதை மட்டும் பண்ணாதீங்க. மாசம் 3.5% வட்டின்னா 59,000-க்கு ஒரு மாச வட்டி 2,065. அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. 372. ஒரு மாசத்துக்கே 2,437 ரூபாய், அசல்ல ஒரு பைசா குறையாம. வண்டி டூ ஹெச்-ல ஓடிக்கிட்டிருக்கறப்போ இந்த வட்டிக்கு என்ன அவசியம்?

எமர்ஜென்சி ஃபண்டையும் இதுக்குத் தொட வேண்டாம்னுதான் என் கருத்து. அது வேலை போனா, வீட்டுல உடம்பு முடியலைன்னா எடுக்கறது. வாரண்டி முடிஞ்ச வண்டி ரிப்பேர் ஆகும்ங்கறது எமர்ஜென்சி இல்லை, எதிர்பார்க்க வேண்டிய செலவு. வாரண்டி முடிஞ்ச அன்னைக்கே ஒரு ரெக்கரிங் டெபாசிட் ஆரம்பிச்சு, மாசம் 2,500 போடுங்க. ரெண்டு வருஷத்துல 60,000. வண்டி வாங்கறப்போ இ.எம்.ஐ. கட்டுப்படியாகுமான்னு பார்த்தீங்க இல்லையா, அந்த இ.எம்.ஐ.யோட இந்த 2,500-ஐயும் சேர்த்துப் பாருங்க. அப்பவும் கட்டுப்படியானாத்தான் அந்த வண்டி உங்களுக்கு.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கோங்க: உங்களுக்கு ஃபோர் வீல் தேவையா? ஓ.எம்.ஆர். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓட்டறவருக்குத் தேவையில்லை. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டுல, இல்லை மழையில களிமண் ஆகற தோட்டத்துப் பாதையில போறவருக்குத் தேவை. தேவையில்லைன்னா சரி பண்ணாம அப்படியே ஓட்டறதும் ஒரு முடிவுதான். விக்கறப்போ வாங்கறவர்கிட்ட மறைக்காம சொல்லி, விலையில அந்த அளவு விட்டுக் கொடுத்துடுங்க. மறைச்சு வித்தா பின்னாடி பிரச்சனை உங்க வீட்டு வாசலுக்கே வரும்.

நல்லா இருக்கிற வண்டி வெச்சிருக்கிறவங்க மாசம் ஒரு தடவை மண் ரோட்டுல ஃபோர் ஹெச் போட்டுக் கொஞ்ச தூரம் நேரா ஓட்டுங்க. மோட்டார் இறுகாது, ஆயில் எல்லா இடத்துக்கும் போகும். இதுக்குச் செலவு கால் லிட்டர் டீசல்கூட ஆகாது.

செகண்ட் ஹேண்ட் பிக்கப் பார்க்கப் போறவங்க, டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவுல முடிச்சுக்காதீங்க. பக்கத்துல ஒரு காலி மனையோ மண் பாதையோ தேடிக்கோங்க. டூ ஹெச்-ல இருந்து ஃபோர் ஹெச் போடுங்க. லைட் கொஞ்சம் மினுக்கிட்டு நிலைக்கணும். வண்டியை நிறுத்தி, நியூட்ரல் போட்டு, ஃபோர் எல். அடியில மோட்டார் சுத்தற சத்தம் கேக்கணும். திரும்ப டூ ஹெச். லைட் உடனே அணையலைன்னா பயப்படாதீங்க. முறுக்கு விடுபட ரெண்டு மூணு மீட்டர் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க. அப்பவும் அணையலைன்னா, விக்கிறவர்கிட்ட "ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டிட்டு விலை பேசலாம்"னு சொல்லுங்க. அந்த 2,000 ரூபாயை நீங்களே கொடுங்க, அவர் ஆளை விடாதீங்க.